குளிர்கால ஏல் சுவை மதிப்பீடு

குளிர்கால ஏல் சுவை மதிப்பீடு என்பது, ஆண்டின் குளிர் மாதங்களில் மட்டும் விற்பனைக்கு வரும் ஏல் வகைப் பியர்களை ஒரு முறைப்படி நோக்கி, முகர்ந்து, சுவைத்து, அவற்றிற்கு மதிப்பெண் வழங்கும் செயல்முறை ஆகும். பிரித்தானியா, பெல்ஜியம், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் இவ்வகைப் பியர்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் சனவரி வரை கிடைக்கின்றன. போட்டி நடுவர்கள், பியர் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள், தனிப்பட்ட ஆர்வலர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் இம்மதிப்பீட்டைச் செய்கின்றனர்.

ஆண்டு முழுவதும் ஒரே செய்முறையில் உருவாகும் பியரை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் சுவைத்து, முன்பு அளித்த மதிப்பெண்ணைச் சரிபார்க்கலாம். பருவகால ஏலுக்கு இவ்வசதி இல்லை. அது சில வாரங்களே கிடைக்கிறது. அடுத்த ஆண்டு அதே பெயரில் வருவது வேறு செய்முறையாக இருக்கக்கூடும். வாங்கிச் சேமித்த புட்டியின் சுவையும் மாதந்தோறும் மாறுகிறது. எனவே எந்த ஆண்டின் பியர், எவ்வளவு காலம் முதிர்ந்தது, எவ்வெப்பநிலையில் சுவைக்கப்பட்டது என்னும் விவரங்கள் இல்லாத மதிப்பெண், குளிர்கால ஏலைப் பொறுத்தவரை, ஏறத்தாழப் பயனற்றது.

ஏல் என்றால் என்ன

பியர்கள் நொதிக்கும் முறையைக் கொண்டு ஏல், இலாகர் என இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. ஏல் வகையில் சாக்கரோமைசிசு செரிவிசியே என்னும் மதுவம் (ஈஸ்ட்) பயன்படுகிறது. இது பொதுவாக 15 முதல் 24 பாகை செல்சியசு வெப்பநிலையில் நொதிக்கிறது. இவ்வெப்பத்தில் மதுவம் எசுத்தர்கள் எனப்படும் பழமணச் சேர்மங்களைக் கூடுதலாக உருவாக்குகிறது. இலாகர் வகை இதைவிடக் குளிர்ந்த நிலையில் நொதித்து, நெடுநாள் குளிரில் வைக்கப்படுவதால் அதன் மணம் அடக்கமாக இருக்கும்.

குளிர்காலத்தில் விற்கப்படும் பியர்கள் அனைத்தும் ஏல் அல்ல. டென்மார்க்கில் நவம்பர் மாதத்தின் முதல் வெள்ளியன்று வெளிவரும் தூபோர் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் பியர் இலாகர் வகையைச் சேர்ந்தது. 14 விழுக்காடு எத்தனால் கொண்ட சாமிக்ளவுசு என்னும் பியரும் இலாகரே. இது 1979 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதலில் காய்ச்சப்பட்டு, 2000 ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரியாவில் தயாராகிறது.

வரலாறு

செயற்கைக் குளிரூட்டல் 1870களில் பியர் ஆலைகளுக்கு வருவதற்கு முன், பியர் காய்ச்சுதல் பருவத்தைச் சார்ந்த தொழிலாக இருந்தது. கோடையில் நுண்ணுயிர்களால் பியர் எளிதில் புளித்துக் கெட்டது. பவேரியாவில் 1553 ஆம் ஆண்டு ஆணை ஒன்று ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சுவதைத் தடை செய்தது. வாற்கோதுமையும் ஹாப் பூக்களும் கோடை இறுதியில் அறுவடையாகும். புதிய விளைச்சலும் குளிர்ந்த காற்றும் ஒருசேரக் கிடைத்த இலையுதிர் காலத்தில் காய்ச்சப்பட்ட பியர், கிறிஸ்துமஸ் காலத்தில் குடிக்கத் தயாரானது.

வட ஐரோப்பாவில் நடுக்குளிர்காலப் பெருவிழாவான யூல் பண்டிகைக்கும் பியருக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. 10 ஆம் நூற்றாண்டில் நோர்வேயை ஆண்ட நல்லவன் ஆக்கோன் என்னும் மன்னன், யூல் விழாவைக் கிறிஸ்துமஸ் நாளுடன் பொருத்தியதாகவும், ஒவ்வொருவரும் குறிப்பிட்ட அளவு மால்ட்டில் இருந்து பியர் காய்ச்ச வேண்டும் எனவும் தவறினால் தண்டம் செலுத்த வேண்டும் எனவும் ஆணையிட்டதாகவும், 13 ஆம் நூற்றாண்டில் இசுநோரி எழுதிய மன்னர் வரலாறு கூறுகிறது. மேற்கு நோர்வேயின் பழைய குலாதிங் சட்டமும் கிறிஸ்துமசுக்குப் பியர் காய்ச்சுவதைக் கடமையாக விதித்திருந்தது.

இங்கிலாந்தில் சூடாக்கிய ஏலில் சர்க்கரை, சாதிக்காய், இஞ்சி, சுட்ட ஆப்பிள் சதை ஆகியவற்றைக் கலந்து பெரிய கிண்ணத்தில் பகிர்ந்து குடிக்கும் வழக்கம் இருந்தது. நறுமணப் பொருள்களைச் சேர்த்த இன்றைய குளிர்கால ஏல்களுக்கு இது ஒரு முன்மாதிரி. இதில் சேர்ந்த சாதிக்காய் பண்டா தீவுகளில் இருந்தும், இலவங்கப்பட்டை இலங்கையில் இருந்தும், கிராம்பு மலுக்கு தீவுகளில் இருந்தும் நெடுந்தொலைவு கடந்து ஐரோப்பாவை அடைந்தவை. விலை மிகுந்த இப்பொருள்கள் பண்டிகைக் காலச் சிறப்பைக் குறித்தன.

குளிர்காலத்தில் அருந்தும் வலிமையான ஏலைக் குறிக்க, "வெதுவெதுப்பூட்டுவது" எனப் பொருள்படும் விண்டர் வார்மர் என்னும் பெயர் ஆங்கிலத்தில் வழங்குகிறது. இலண்டனின் யங்ஸ் ஆலை தனது பர்ட்டன் ஏலுக்கு 1971 ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியது.

வகைகள்

குளிர்கால ஏல் என்பது இறுக்கமான வரையறை கொண்ட ஒரே வகை அன்று. அப்பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட நான்கு வகைகளையேனும் காணலாம்.

1. நறுமணப் பொருள் சேராத பிரித்தானிய வலிய ஏல். மால்ட்டின் இனிமையே இதில் முதன்மை பெறும். யார்க்சயரின் சாமுவேல் சுமித் ஆலை வெளியிடும் விண்டர் வெல்கம் (6 விழுக்காடு எத்தனால்) இதற்கு எடுத்துக்காட்டு.
2. நறுமணப் பொருள் சேர்ந்த அமெரிக்கக் குளிர்கால ஏல். இலவங்கப்பட்டை, இஞ்சி, தேன் ஆகியவை சேர்ந்த கிரேட் லேக்ஸ் ஆலையின் கிறிஸ்துமஸ் ஏல் இவ்வகையில் அடங்கும். இவ்வாலை ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் உள்ளது.
3. பெல்ஜியக் கிறிஸ்துமஸ் ஏல். மதுவம் தரும் பழமணமும் காரமணமும் மிகுந்தது. புனித பெர்னார்டசு ஆலையின் கிறிஸ்துமஸ் ஏல் 10 விழுக்காடும், டெ டொல்லெ ஆலையின் இசுட்டில்லெ நாக்ட் 12 விழுக்காடும் எத்தனால் கொண்டவை.
4. ஹாப் மணம் மேலோங்கிய ஏல். கலிபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1981 முதல் வெளியிடும் செலிபிரேசன் ஏல் 6.8 விழுக்காடு எத்தனால் கொண்டது. அந்த ஆண்டு அறுவடையின் புதிய ஹாப் பூக்களைக் கொண்டு காய்ச்சப்படும் இதில் நறுமணப் பொருள் எதுவும் சேர்வதில்லை.

இப்பகுப்பு மதிப்பீட்டிற்கு மிக அடிப்படையானது. நான்காம் வகைப் பியரில் இலவங்கப்பட்டையை எதிர்பார்க்கும் சுவைஞர், அதில் இல்லாத ஒன்றுக்காக மதிப்பெண்ணைக் குறைப்பார். முதல் வகையில் ஹாப் மணத்தைத் தேடுபவரும் அவ்வாறே தவறுவார். புட்டியின் மேல் பனிமரம் வரையப்பட்டிருப்பதால் மட்டும் உள்ளிருக்கும் பியர்கள் ஒரே வகை ஆகிவிடுவதில்லை.

சுவையின் மூலங்கள்

மால்ட் என்பது முளைக்கட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் வாற்கோதுமை. உலர்த்தும் வெப்பம் கூடக்கூட அதன் நிறம் கருக்கிறது, சுவையும் மாறுகிறது. இளவறுப்பில் ரொட்டி, பிஸ்கட் மணமும், நடுத்தர வறுப்பில் வெல்லப்பாகு, எரித்த சர்க்கரை, உலர்திராட்சை, பேரீச்சை ஆகியவற்றை ஒத்த மணமும், கடுவறுப்பில் காப்பி, கசப்புச் சாக்கலேட்டு மணமும் தோன்றும். குளிர்கால ஏல்கள் பெரும்பாலும் நடுத்தர வறுப்பு மால்ட்டை மிகுதியாகக் கொண்டிருப்பதால் செம்பு நிறம் முதல் அடர்பழுப்பு நிறம் வரை அமைகின்றன.

ஹாப் என்பது ஒரு கொடியின் பெண் பூங்கூம்பு. கொதிக்கும் மால்ட்டுச் சாற்றில் இதனைத் தொடக்கத்தில் இட்டால் கசப்பும், இறுதியில் இட்டால் மணமும் சேரும். மணம் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாவதே இதற்குக் காரணம். நறுமணப் பொருள்களையும் இதே காரணத்தால் கொதிநிலையின் இறுதியிலோ நொதித்த பின்னரோ சேர்ப்பர்.

மதுவமும் நறுமணப் பொருளைப் போன்ற மணத்தைத் தரவல்லது. பெல்ஜிய மதுவங்கள் பல கிராம்பு மணமுடைய 4-வினைல் குவையாக்கால் என்னும் பீனாலை உருவாக்குகின்றன. கிராம்பு மணம் வீசும் பெல்ஜியக் கிறிஸ்துமஸ் ஏலில் கிராம்பு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். எனவே தேர்ந்த சுவைஞர் "கிராம்பு சேர்க்கப்பட்டுள்ளது" என எழுதாமல் "கிராம்பு மணம் உள்ளது" என்றே எழுதுவார். முன்னது ஊகம், பின்னது கண்டறிந்தது.

சுவைக்கும் முறை

முன்னேற்பாடு

குளிர்பெட்டியில் இருந்து எடுத்தவுடன் சுவைக்கக் கூடாது. மிகுந்த குளிரில் மணச் சேர்மங்கள் குறைவாகவே ஆவியாகின்றன. நாவின் இனிப்புணர்வும் மங்குகிறது. வலிய ஏல்களுக்கு 10 முதல் 13 பாகை செல்சியசு ஏற்றது. கிண்ணம் வாயில் குறுகி அடியில் அகன்றதாக இருந்தால் மணம் தங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஊற்றப்படும். இடையே நாவைத் தூய்மை செய்ய நீரும் உப்பில்லா ரொட்டியும் வைக்கப்படும். வாசனைத் திரவியம் பூசிக்கொள்வதும் மணம் மிக்க உணவை அருகில் வைப்பதும் தவிர்க்கப்படும்.

பல பியர்களைச் சுவைக்கும்போது வலிமை குறைந்ததில் தொடங்கி மிகுந்ததில் முடிப்பர். நறுமணப் பொருள் சேராதவை முதலிலும் சேர்ந்தவை பின்னரும் வரும். இஞ்சியும் இலவங்கப்பட்டையும் நாவில் நெடுநேரம் தங்குவதால், இவ்வரிசை மாறினால் அடுத்த பியரிலும் அவை இருப்பதாகத் தோன்றும்.

போட்டிகளில் புட்டியும் ஆலையின் பெயரும் நடுவருக்கு மறைக்கப்படுகின்றன. குளிர்கால ஏலில் இது கூடுதல் தேவை உடையது. பண்டிகைக் காலப் படங்கள் கொண்ட முகப்புச் சீட்டே சுவைஞரின் மனத்தில் இலவங்கப்பட்டை மணத்தை எழுப்பிவிடக்கூடும்.

படிநிலைகள்

1. மணம். ஊற்றியவுடன் முதலில் முகர வேண்டும். மெல்லிய மணங்கள் சில நிமிடங்களில் அகன்றுவிடும்.
2. தோற்றம். நிறம், தெளிவு, நுரையின் நிறம், நுரை நிலைக்கும் நேரம் ஆகியன குறிக்கப்படும். எத்தனால் மிகுந்த பியரில் நுரை விரைவில் அடங்குவது பொதுவாகக் குறையாகக் கொள்ளப்படுவதில்லை.
3. சுவை. ஒரு வாய் எடுத்து நாவெங்கும் பரவவிட்டு விழுங்க வேண்டும். விழுங்கிய பின் மூக்கின் வழியே மூச்சை வெளியிடும்போது, தொண்டையில் இருந்து எழும் மணம் முகர்வுறுப்பை அடைகிறது. சுவை என நாம் கருதுவதில் பெரும்பகுதி இந்த மணமே. பின்சுவை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கசப்பிலா இனிப்பிலா முடிகிறது என்பதும் பதியப்படும்.
4. வாயுணர்வு. செறிவு, கரியமிலவளியின் குத்தல், துவர்ப்பு, எத்தனாலின் வெதுவெதுப்பு ஆகியவை இதில் அடங்கும்.
5. மீள்சுவைத்தல். கிண்ணம் கையின் வெப்பத்தில் சற்று வெதும்பிய பின் மீண்டும் சுவைத்து, முதலில் எழுதியதை ஒப்பிட வேண்டும். குளிரில் மறைந்திருந்த குறைகள் பல இப்போது வெளிப்படும்.

மதிப்பெண் முறைகள்

போட்டிகளில் பரவலாகப் பயன்படுவது 1985 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் (பி.ஜே.சி.பி.) 50 மதிப்பெண் தாள் ஆகும். அதன் பகுப்பு பின்வருமாறு:

மணம் - 12
தோற்றம் - 3
சுவை - 20
வாயுணர்வு - 5
ஒட்டுமொத்தம் - 10

இதில் 45 முதல் 50 வரை தலைசிறந்தது, 38 முதல் 44 வரை மிகச் சிறந்தது, 30 முதல் 37 வரை மிக நன்று, 21 முதல் 29 வரை நன்று எனத் தரப்படுத்தப்படுகிறது. 14 முதல் 20 வரை குறைபாடுடையதாகவும், அதற்கும் கீழ் பெருங்குறை உடையதாகவும் கொள்ளப்படும். ஒரே பியரைச் சுவைக்கும் நடுவர்களின் மதிப்பெண்கள் பெரிதும் விலகினால், அவர்கள் கலந்து பேசி ஓர் உடன்பாட்டு மதிப்பெண்ணை அளிப்பர்.

இத்திட்டத்தின் வகைப்பாட்டில் குளிர்காலப் பருவ பியர் எனத் தனி உட்பிரிவு உண்டு. பண்டிகைக்கால நறுமணப் பொருள்களை நினைவூட்டும், பெரும்பாலும் 6 விழுக்காட்டிற்கு மேல் எத்தனால் கொண்ட, சற்றே அடர்நிறப் பியர்கள் இதில் அடங்கும். இப்பிரிவில் முதன்மையாக நோக்கப்படுவது சமநிலை. நறுமணப் பொருள் உணரப்பட வேண்டும், ஆனால் அடியில் உள்ள பியரை மறைத்துவிடக் கூடாது.

2000 ஆம் ஆண்டு தொடங்கி 2025 பெப்ரவரியில் மூடப்பட்ட ரேட்பியர் தளம் வேறொரு பகுப்பைக் கையாண்டது: மணம் 10, தோற்றம் 5, சுவை 10, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 20. இரண்டிலும் மொத்தம் 50 தான். ஆயினும் ஒட்டுமொத்த மதிப்பின் பங்கு ஒன்றில் 20 விழுக்காடு, மற்றொன்றில் 40 விழுக்காடு.

இவ்வேறுபாட்டின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். ஒரு பியர் மணத்திலும் சுவையிலும் 70 விழுக்காடும், தோற்றத்திலும் வாயுணர்விலும் 80 விழுக்காடும் பெறுகிறது எனக் கொள்வோம். பண்டிகை நாளில் நண்பர்கள் சூழச் சுவைத்தவர் ஒட்டுமொத்தத்திற்கு 90 விழுக்காடு அளிக்கிறார். தனியறையில் பெயர் மறைத்துச் சுவைத்தவர் 50 விழுக்காடு அளிக்கிறார். முதல் முறைப்படி மதிப்பெண்கள் முறையே 37.8, 33.8. இரண்டாம் முறைப்படி 40, 32. சூழலால் விளைந்த வேறுபாடு முதல் முறையில் 4 ஆகவும் இரண்டாம் முறையில் 8 ஆகவும் அமைகிறது. பருவத்தின் உவகையை மதிப்பெண்ணில் எவ்வளவு சேர்ப்பது என்பதை, சுவைஞர் அறியாமலேயே, தாளின் பகுப்பு முடிவு செய்துவிடுகிறது.

சராசரியும் ஆண்டுச் சிக்கலும்

பலருடைய மதிப்பெண்களைத் தொகுக்கும்போது எளிய சராசரி தவறான தரவரிசையைத் தரக்கூடும். ஐவர் மட்டும் 5க்கு 4.6 என மதிப்பிட்ட பியர், 200 பேர் 4.1 என மதிப்பிட்ட பியருக்கு மேல் நின்றுவிடும். இதைத் தவிர்க்க எடையிட்ட சராசரி பயன்படுத்தப்படுகிறது. எல்லாப் பியர்களின் பொதுச் சராசரி 3.5 எனக் கொண்டு, ஒவ்வொரு பியருக்கும் 3.5 மதிப்புடைய 20 கற்பனை வாக்குகளைச் சேர்ப்போம். முதல் பியரின் மதிப்பு (23 + 70) / 25 = 3.72 ஆகிறது. இரண்டாவதன் மதிப்பு (820 + 70) / 220 = 4.05 ஆகிறது. வரிசை மாறிவிடுகிறது.

ஆண்டுதோறும் செய்முறை மாறும் குளிர்கால ஏலுக்கு இம்முறையும் முழுத் தீர்வாகாது. எல்லா ஆண்டுகளின் வாக்குகளையும் ஒன்றாகச் சேர்த்தால், வெவ்வேறு பியர்களின் மதிப்பெண்கள் ஒரே பெயரில் கலக்கும். ஆண்டுவாரியாகப் பிரித்தால், ஒவ்வோர் ஆண்டிற்கும் வாக்குகள் குறைந்து, அனைத்தும் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கப்படும். செய்முறை மாறாத ஏல்களைச் சேர்த்தும், மாறுபவற்றைப் பிரித்தும் பதிவதே இவ்விரண்டில் குறைந்த தீங்குடையது.

வெதுவெதுப்பு: குணமா, குறையா

குளிர்கால ஏலில் எத்தனாலின் வெதுவெதுப்பு எதிர்பார்க்கப்படும் குணம். அதே உணர்வு எரிச்சலாக மாறினால் குறை. மிகுந்த வெப்பத்தில் நொதித்த பியரில் பியூசல் ஆல்ககால் எனப்படும் உயர் ஆல்ககால்கள் கூடி, தொண்டையைச் சுடும் கரைப்பான் நெடியைத் தரும். மென்மையாகப் பரவி அடங்குவது வெதுவெதுப்பு, குத்தி நிற்பது எரிச்சல் எனச் சுவைஞர் பிரித்தறிகின்றனர்.

எத்தனால் வாயில் சூட்டுணர்வைத் தருவதற்கு, மிளகாயின் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்னும் நரம்பு ஏற்பியை அது தூண்டுவது ஒரு காரணம். இஞ்சியின் காரப்பொருளும் இதே ஏற்பியைத் தூண்டுகிறது. எனவே இஞ்சி சேர்ந்த ஏலின் வலிமையை நாவால் மட்டும் கணிப்பது பிழையாகலாம்.

இது உடலைச் சூடாக்கும் பானம் என்னும் பொது நம்பிக்கை உண்மையன்று. எத்தனால் தோலடி இரத்தக் குழாய்களை விரிவாக்குவதால் தோல் வெதும்பியதாகத் தோன்றும். அவ்வழியே உடல் வெப்பத்தை இழப்பதால் உள்வெப்பநிலை குறையவே செய்கிறது. கடுங்குளிரில் இது ஆபத்தை விளைவிக்கும்.

பொதுவான குறைபாடுகள்

1. நனைந்த அட்டை மணம். ஆக்சிசனேற்றத்தால் உருவாகும் டிரான்சு-2-நோனெனால் இதற்கு முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது.
2. வெண்ணெய் மணம். டையசிட்டைல் என்னும் சேர்மத்தால் வருவது. சில பிரித்தானிய ஏல்களில் சிறிதளவு ஏற்கப்படும்.
3. வேகவைத்த சோள மணம். டைமெத்தில் சல்பைடால் வருவது.
4. ஒளிபட்ட நெடி. ஹாப்பின் கசப்புச் சேர்மங்கள் ஒளியால் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறுவதால் வருவது. நிறமற்ற கண்ணாடிப் புட்டிகளில் எளிதில் நிகழும். பழுப்புப் புட்டி ஓரளவு காக்கும்.
5. நறுமணப் பொருள் மிகை. இலவங்கப்பட்டையோ கிராம்போ மிகுந்து, மருந்துக் கசப்பும் துவர்ப்பும் தோன்றுவது.

முதிர்ச்சியும் ஆண்டுவரிசைச் சுவைத்தலும்

எத்தனால் மிகுந்த, மால்ட் முதன்மை பெற்ற ஏல்களைக் குளிர்ந்த இருண்ட இடத்தில் நிமிர்த்தி வைத்துச் சில ஆண்டுகள் சேமிக்கலாம். காலப்போக்கில் ஹாப் கசப்பும் நறுமணப் பொருள்களின் மணமும் மங்கும். மெதுவான ஆக்சிசனேற்றத்தால் உலர்பழம், செரி வைன் ஆகியவற்றை ஒத்த மணங்கள் தோன்றும். இதே ஆக்சிசனேற்றம் வலிமை குறைந்த ஏலில் அட்டை மணமாக முடிகிறது. ஹாப் மணம் முதன்மை பெற்ற ஏல்களைச் சேமிப்பதால் பயன் இல்லை. அவை புதிதாகவே அருந்தத் தக்கவை.

ஒரே ஏலின் பல ஆண்டுப் புட்டிகளை ஒரே அமர்வில் ஒப்பிடுவது ஆண்டுவரிசைச் சுவைத்தல் எனப்படும். இதில் இரு மாறிகள் கலந்துள்ளன: ஒன்று செய்முறை, மற்றொன்று வயது. செய்முறை மாறாத ஏலில் காணும் வேறுபாட்டை, பெரும்பாலும், வயதின் விளைவு எனக் கொள்ளலாம். செய்முறை மாறும் ஏலில் எது எதனால் விளைந்தது எனப் பிரிக்க, அந்தந்த ஆண்டில் புதிதாகச் சுவைத்தபோது எழுதிய குறிப்பு தேவை. அக்குறிப்பு இல்லாவிடில் ஒப்பீடு ஊகமாகவே நிற்கும்.

அளவும் உடல்நலமும்

ஒரு மாதிரிக்கு 75 மில்லிலீட்டர் வீதம் 8 விழுக்காடு எத்தனால் கொண்ட எட்டு ஏல்களைச் சுவைப்பவர் 48 மில்லிலீட்டர், அதாவது ஏறத்தாழ 38 கிராம் தூய எத்தனாலை உட்கொள்கிறார். 10 மில்லிலீட்டரை ஓர் அலகாகக் கொள்ளும் பிரித்தானியக் கணக்கில் இது 4.8 அலகு. 2016 ஆம் ஆண்டின் பிரித்தானிய வழிகாட்டல் வாரத்திற்கு 14 அலகுகளை மேல் எல்லையாகக் குறிக்கிறது. எட்டாவது மாதிரிக்கு வரும்போது நாவும் தீர்ப்பும் மழுங்கியிருக்கும் என்பதால், அளவைக் குறைப்பது மதிப்பீட்டின் தரத்திற்கும் தேவையானது. மதுபானங்கள் 1988 ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வகைப்படுத்தப்பட்டன. தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என 2023 சனவரியில் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

எடுத்துக்காட்டு: ஆங்கர் கிறிஸ்துமஸ் ஏல்

பருவகால ஏலை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல்கள் அனைத்தும் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆங்கர் ஆலை வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஏலில் ஒருங்கே காணப்படுகின்றன. 1965 ஆம் ஆண்டு நலிந்திருந்த இவ்வாலையில் பங்கு வாங்கி அதனை மீட்ட பிரிட்ஸ் மேடாக், 1975 ஆம் ஆண்டு "எங்கள் சிறப்பு ஏல்" எனப் பொருள்படும் பெயரில் இதனை முதன்முதலில் வெளியிட்டார். செய்முறை ஆண்டுதோறும் மாற்றப்பட்டு, கமுக்கமாக வைக்கப்பட்டது. முகப்புச் சீட்டில் ஒவ்வோர் ஆண்டும் வேறொரு மரம் இடம்பெற்றது. பல பத்தாண்டுகள் இம்மரங்களை வரைந்தவர் ஓவியர் ஜிம் இசுட்டிட். தொடக்க ஆண்டுகளில் நறுமணப் பொருள் சேராது வெளிவந்த இந்த ஏல், 1987 முதல் நறுமணப் பொருள் சேர்ந்த அடர்பழுப்பு ஏலாக மாறியது.

எப்பொருள் சேர்ந்தது என ஆலை அறிவிக்காததால், சுவைஞர்கள் தம் மூக்கையும் நாவையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. ஒருவர் சாதிக்காய் எனவும் மற்றொருவர் ஊசியிலை மரப்பிசின் எனவும் எழுதினால், எது சரி எனத் தீர்க்க வழி இல்லை. ஆனால் ஒரே ஆண்டின் ஏலைத் தனித்தனியே சுவைத்த பலர் ஒரே மணத்தைக் குறித்திருந்தால், அக்குறிப்பின் நம்பகம் கூடுகிறது.

2017 ஆம் ஆண்டு ஜப்பானின் சப்போரோ நிறுவனம் ஆங்கர் ஆலையை வாங்கியது. 1975 முதல் 2022 வரை 48 ஆண்டுகள் இடைவிடாது வெளிவந்த இந்த ஏலை நிறுத்துவதாக 2023 சூனில் ஆலை அறிவித்தது. அடுத்த மாதம் ஆலையையே மூடும் முடிவு வெளியானது. 2024 ஆம் ஆண்டு தொழிலதிபர் அம்தி உளுகாயா ஆலையை வாங்கினார்.

இந்த 48 ஏல்களுள் பெரும்பாலானவற்றைப் புதிய நிலையில் இனி எவரும் சுவைக்க இயலாது. சேமிப்பில் எஞ்சியுள்ள புட்டிகள் வயதான ஏலையே காட்டும். 1994 ஆம் ஆண்டின் ஏல் அந்த நவம்பரில் எப்படி இருந்தது என்பதற்கு அன்று எழுதப்பட்ட சுவைக்குறிப்புகளே சான்று. அவற்றுள் ஆண்டு, சுவைத்த நாள், வெப்பநிலை, மணம், சுவை ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்த குறிப்பு இன்றும் ஒப்பீட்டிற்கு உதவுகிறது. வெறும் எண்ணை மட்டும் தந்த குறிப்பு, எழுதியவருக்கு அது பிடித்திருந்தது அல்லது பிடிக்கவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.